இரண்டாவது முள்கரண்டி

...ஒன்றல்ல, இரண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டு முள்கரண்டிதான், ஒன்று ஸ்பாஸ் சார் பக்கம் கோழித்துண்டின்மேல் சாய்ந்து கிடக்கிறது, மற்றது படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு எதிர்ப்பக்கம் இருக்கிறது, அதன் அருகில் கால்வாசி குறைந்த ஒரு டம்ளர் சிவப்பு வைன் வேறு, காலை ஒன்பதரை மணிக்கு யாராவது வைன் குடிப்பார்களா... வாயில் போடுவது எதுவானாலும் முதலில் எனக்குப் போட்டோ வரவேண்டும் என்று தெமெனுகா பயிற்சியின் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள், அவரும் நாற்பது வருஷம் ரயில் ஓட்டியவராயிற்றே, சொன்னால் சொன்னபடி, பன்னிரண்டு வாரமாக ஒரு வேளை தவறியதில்லை, காலையில் இரண்டு முட்டையும் தயிரும், மதியம் பீன்ஸும் ஒரு துண்டு இறைச்சியும், இரவு ஆற்று மீன், எல்லாப் படத்திலும் அதே மஞ்சள் ரெக்சின் விரிப்பு, ஜன்னலில் அதே ஜெரேனியப் பூத்தொட்டி, ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி. அந்த மேசையில் எந்த மூலையில் ரெக்சின் கிழிந்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும், அந்த வீட்டுப் படியை அவள் மிதித்ததே இல்லை. இன்றைக்கு மஞ்சள் விரிப்பைக் காணோம், ஏதோ சாம்பல்நிறப் பளிங்குக் கல், ஓரத்தில் செவ்வந்திப் பூ, யாரோ வசதியான பெண்ணின் தோட்டத்து மேசையாக இருக்கும், இருக்கட்டுமே, உனக்கென்னடி, நீ அவருக்கு முழங்கால் பயிற்சி கொடுப்பவள்தானே?

எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே அவள் பாய்களைச் சுருட்டி அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். நாற்பத்தேழு வயதில் இது என்ன பைத்தியம், தசை ஜிம்மில் வளராது, நல்ல தூக்கத்தில்தான் வளரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிறாள், ஆனால் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள்? ஒவ்வொரு வேளையும் இவ்வளவு புரதம் என்று மற்றவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் முனைக்கடையில் வாங்கிய பனிட்சாவை, அந்தப் பாலாடைக்கட்டி அடையை, காகிதத்தோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்கிறாள், யாருக்குப் போட்டோ அனுப்புவது, அனுப்பினால்தான் யார் திட்டுவார்கள். அவருடைய படங்களைப் பார்க்கத் தொடங்கியபிறகுதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றே தோன்றியது, அதுவும் அந்த ஜன்னலோரத்தில், அந்தக் கிழிசல் பக்கம்... ஜிம்மின் இன்னொரு பயிற்சியாளன் ப்ளாமென் பளுத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, என்னம்மா, போனையே முறைச்சிக்கிட்டு நிக்கிறே, உன் ரயில் இன்னிக்கு லேட்டா என்று கண்ணடித்தான். போடா, போய் வேலையப் பாரு என்றாள். வாய்க்கொழுப்பு பிடித்தவன், அவனிடம் வருகிறவர்கள் ஆறு வருஷம் ஆனாலும் போகமாட்டார்கள், அவன் போகவும் விடமாட்டான், அவளோ குணமானவரை ஒருநாள்கூட வைத்துக்கொள்வதில்லை, அதுதான் அவளுடைய சட்டம், அதைச் சொல்லிச் சொல்லியே அவனை எத்தனை தடவை மட்டம் தட்டியிருக்கிறாள். செயற்கை மூட்டு வைத்த காலால் மட்டும், கையை ஊன்றாமல், நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டால் பயிற்சி முடிந்தது, போய் வாருங்கள், இனி ஆற்றங்கரையில் நடந்தால் போதும். அந்தப் பரீட்சை இன்றைக்கு. போன வாரமே எட்டு எழுந்துவிட்டார், இன்று பத்து எழுந்துவிடுவார், அவளே நன்றாகச் சொல்லிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறாளே.

பதினொரு மணிக்குச் சரியாக வந்தார், கறுப்புக் கோட்டு, நன்றாக மழித்த முகம், ஷூவில் ஈரமண், இப்படிச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு அவர் இங்கே வந்ததே கிடையாது, யாருக்காக... நகராத பயிற்சி சைக்கிளில் ஐந்து நிமிஷம் மிதிக்கச் சொன்னாள், மிதித்தார், முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், இல்லை, சூடும் இல்லை, ரொம்ப நல்ல முழங்கால், அவளுடைய கை ஒரு நொடி கூடுதலாக அங்கேயே இருந்தது. கேட்காதே, கேட்காதே என்று மனம் சொல்லச் சொல்ல வாய் கேட்டுவிட்டது.

"காலையிலேயே வைனா ஸ்பாஸ் சார்? யார் வீட்டு விருந்து?"

"என்ன மாஸ்டரம்மா, நாளு கிழமை தெரியாதா உங்களுக்கு? இன்னிக்கு செத்தவங்க சனிக்கிழமை, அவங்களோட உக்காந்து சாப்பிடற நாள். ருமியானா கல்லறைக்குப் போனேன். வாயில போடறதெல்லாம் போட்டோ வரணும்னீங்க, அனுப்பிட்டேன்."

கல்லறை. மேசை இல்லை, கல்லறைக் கல், நான்கு வருஷத்துக்குமுன் போன மனைவியின் கல், டம்ளரில் குறைந்த வைன் மண்ணுக்கு ஊற்றியது, எதிர்ப்பக்க முள்கரண்டி அவளுக்கு... ஐயோ, செத்தவளைப் பார்த்தா காலையிலிருந்து வயிறெரிந்தேன், தூ, வெட்கமாக இல்லையா. அப்பாவின் கல்லறை விதின் ஊரில் கிடக்கிறது, அங்கே யார் இன்று மெழுகுவர்த்தி வைத்திருப்பார்கள், இந்த நிலவறை ஜிம்மில் கண்ணாடியையும் இரும்பையும் பார்த்துப் பார்த்து எந்த நாள் என்ன நாள் என்றே மறந்துபோகிறது. வேறொருத்தி இல்லை என்று முதலில் மனம் லேசானது, உடனேயே கனத்தது, உயிரோடு இருப்பவளானால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருநாள் எழுந்து போகக்கூடும், செத்தவள் எழுந்து போவாளா? அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்து நீட்டினார், அவித்த கோதுமை, மேலே பொடித்த சர்க்கரை, வால்நட். ருமியானாவுக்காக எடுத்துக்கணும், சர்க்கரைன்னு திட்டாதீங்க, நான் ஒரு கரண்டிதான் தின்னேன் என்றார். பன்னிரண்டு வாரமாக அவருடைய காபியில்கூட சர்க்கரையைத் தடுத்தவள் வாங்கிக்கொண்டாள், கடவுள் மன்னிக்கட்டும் என்று இறந்தவர்களுக்குச் சொல்லும் வழக்கப்படி சொன்னாள், யாரை மன்னிக்க, ருமியானாவையா, என்னையா, கோதுமை மெத்தென்று இனித்தது, அவர் நின்றுகொண்டு அவள் தின்பதையே பார்த்தார், ஒருவர் பார்த்திருக்கத் தின்று எவ்வளவு காலமாயிற்று.

சரி, பரீட்சை. நாற்காலியைச் சுவரோரம் போட்டாள், கையைக் கட்டிக்குங்க, எழும்பும்போது மூச்சை விடுங்க, உட்காரும்போது தொப்புன்னு விழக்கூடாது, மூணு எண்ணற வரைக்கும் மெதுவா. ஒன்று... அழகாக எழுந்தார். இரண்டு, மூன்று. வழக்கமான நாளென்றால் இவள் நடுவில் ஒரு தில்லுமுல்லு செய்வாள், ஏழு, எட்டு, எட்டு என்று ஒரே எண்ணை இரண்டு முறை சொல்லி ஒன்று கூடுதலாகக் கறந்துவிடுவாள், எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான், மற்றவர்கள் மூச்சு வாங்குவதில் கவனிக்கமாட்டார்கள், இவரிடம் மட்டும் அது ஒருநாளும் பலித்ததில்லை, எட்டு போயாச்சு மாஸ்டரம்மா, தாண்டின ஸ்டேஷனுக்கு ரயில் திரும்பி வராது என்பார், ஜிம்மே சிரிக்கும். ஆறு, ஏழு. முடிந்துவிடும், இன்னும் மூன்றுதான், அப்புறம் மஞ்சள் விரிப்பு வராது, காலை ஏழேகாலுக்குப் போன் சத்தம் போடாது, முட்டை இன்றைக்கு அவித்ததா பொரித்ததா என்று இவளுக்குத் தெரியப்போவதில்லை... எட்டு. தொடை நடுங்குகிறது, நடுங்கட்டும், நல்ல நடுக்கம், விழமாட்டார். ஒன்பது. வேண்டாம், ஒரு தடவை வழுக்கிவிடுங்களேன், ஒரு கையை ஊன்றிவிடுங்களேன். எழுந்தார். பத்தாவது தடவையும் நேராக, கையூன்றாமல், முழுசாக எழுந்து நின்றார்.

"ஒன்பது" என்றாள் தெமெனுகா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ப்ளாமெனின் துணி தட்டின்மேல் நின்றது, அவனும் எண்ணியிருக்கிறானா, சண்டாளன்... முகம் எரிந்தது, இப்போது சொல்வார், ரயில் திரும்பி வராது என்பார், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து, ஆமாம் பத்துதான், போய் வாருங்கள் என்று கை கொடுத்துவிட வேண்டும், இருபது வருஷத்துச் சட்டம்... அவர் நின்றபடியே அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மூன்று எண்ணுகிற நேரம் எடுத்து, அதே ஒற்றைக் காலில் கொஞ்சமும் தடுமாறாமல் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு முடியல, மாஸ்டரம்மா. செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாமா?"

"செவ்வாய்க்கிழமை" என்றாள், நோட்டில் எழுதினாள், எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது, இடது கால், வலது கால், இரண்டும் ஒரே அளவாக, கைப்பிடியைப் பிடிக்காமல்... காலில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வாரத்தில் ஒரு எண்ணைத் தப்பவிடாத மனிதர், இன்றைக்குத் தப்பவிட்டார். காகிதக் கோப்பையின் அடியில் ஐந்தாறு கோதுமை மிச்சமிருந்தது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.