சின்னவர் கை

"ஏனுங்க பாய், தம்பி இல்லீங்களா?"

வெள்ளகோவிலிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த நாச்சியம்மாள், கடை வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே இதைத்தான் கேட்டாள். அன்றைக்கு முதல் கிராக்கி அவள்தான். கலியாண ஜவுளி. அப்துல் நாசர் விரித்த வாயை மூடவில்லை. வியாபாரி சிரிப்பு, அது பாட்டுக்கு முகத்தில் இருந்தது.

கோவை பெரிய கடை வீதியில் முப்பத்தேழு வருஷமாகப் பட்டுப்புடவை விற்கிறவர் அவர். அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை புடவை எடுத்தாலும் மற்றதெல்லாம் பையில் போகும். முகூர்த்தப் புடவை மட்டும் பையில் போகாது. பெண்ணைப் பெற்றவள் முந்தானையை விரித்துப் பிடிக்க, கடைக்காரர் இரண்டு கையாலும் அதில் வைப்பார். கைராசி பார்க்கிற சனம். நாசர் கை பட்டால் குடும்பம் தழைக்கும் என்று காங்கேயம் வரைக்கும் பேச்சு. நாச்சியம்மாளின் மூத்த மகளுக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

"நான் இருக்கேனுங்களே அம்மணி," என்றார்.

"நீங்க இல்லாமீங்களா? ஆனா பாருங்க, எங்க அண்ணன் பாலுசாமி மவளுக்குத் தம்பி எடுத்துக் குடுத்தாருங்க. பதினோராம் மாசம் ரெட்டப் பையனுங்க! எங்கூட்டுப் பக்கம் இப்ப எல்லாரும் சின்னவர் கை, சின்னவர் கைங்கறாங்க."

மகள் புவனா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எனக்கு ரெட்டையெல்லாம் வேண்டாம்மா. ஒன்னே போதும். பாய் கையிலயே வாங்கிக்கலாம்."

"வாய மூடு அம்மணி," என்று மகளை அதட்டிச் சிரித்தாள் நாச்சியம்மாள்.

நாசரும் சிரித்தார். வேறென்ன செய்ய? கண்புரை ஆபரேஷனுக்காக அவர் கடைக்கு வராத ஒரே ஒரு வாரம் அது. அந்தப் புடவையைக் காஞ்சிபுரத்தில் நெசவுக்காரரோடு அரை நாள் மல்லுக்கட்டி வாங்கி வந்தது யார்? அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினான் மகன் ரியாஸ், அவ்வளவுதான். கொத்தனார் கட்டிய வீட்டுக்குக் கதவு திறந்துவிட்டவனுக்குப் பேர்! அந்தக் கையை அவருக்குத் தெரியாதா? ஏழு வயது வரை நகம் கடித்த கை. இன்றைக்கும் புடவை மடிப்பதைவிடப் போனைத் தடவுவதுதான் அதிகம்.

சரவணம்பட்டியில் ஒரு காலேஜில் மனோதத்துவம் நடத்துகிற மருமகள் நிதா, போன வாரம்தான் சோறு போடும்போது சொன்னாள், மனுஷ வாழ்க்கை எட்டுப் படியாம். பால் குடிக்கிற பிள்ளையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற வேண்டுமாம்.

"நான் எத்தனாவதும்மா?"

"ஏழு முடிஞ்சு எட்டுல கால் வைக்கிறீங்க மாமா. அடுத்த தலைமுறை வளர்றதப் பாத்து நிறைவா இருக்கிற நேரம்."

"எட்டுக்கு மேல?"

"அவ்ளோதான் மாமா."

"கொசுறா ஒன்னு சேத்துப் போடக் கூடாதா?" என்று அவர் கேட்டதற்கு வீடே சிரித்தது. ரியாஸுக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை.

"தம்பி பெங்களூர் போயிட்டானுங்க. வர ரெண்டு நாளாகும்," என்றார் இப்போது. சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"அப்பிடீங்களா? அப்ப வெள்ளிக்கெழமை வாரோமுங்க." நாச்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

முதல் கிராக்கி வெறுங்கையோடு படி இறங்குவதா? "உக்காருங்கம்மா, காப்பி சொல்றேன்" என்று அவர் தடுமாறும்போதே மாடிக் குடோனிலிருந்து படியில் சத்தம். கையில் பத்துப் புடவையோடு ரியாஸ் இறங்கி வந்தான்.

"அடடே, பெங்களூருக்குப் போன தம்பி அதுக்குள்ள வந்துட்டாருங்களே!" நாச்சியம்மாள் குரலில் மரியாதை ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

ரியாஸ் அத்தாவை ஒரு நொடி பார்த்தான். பிறகு கண் சிமிட்டாமல் சொன்னான்: "பயணம் தள்ளிப் போச்சுங்கம்மா. அத்தாகிட்டச் சொல்ல மறந்துபோட்டேன். உக்காருங்க."

நாசர் சொன்னது பொய்யென்று அறிந்த அவளும் மகன் சொன்னதை நம்பி உட்கார்ந்தாள். பொய்யைக்கூடத் தன்னைவிட நன்றாக விற்கிறானே!

அவர் ஓரமாகப் போய் நின்றார். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் இதே நாச்சியம்மாளின் கலியாணத்துக்கு அவள் தாய் வந்தபோது, "சின்ன பாய் கையில குடுக்கச் சொல்லுங்க" என்றுதான் கேட்டாள். நாசர் கொடுத்தார். அவருடைய அத்தா அந்த நேரம் பார்த்து டீ குடிக்க எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் பல தடவை அப்படிப் போயிருக்கிறார். அத்தாவுக்கு டீப் பைத்தியம் என்றுதான் நாசர் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

ரியாஸ் முப்பது புடவை விரித்துவிட்டான். புவனா ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். நாசர் பொறுத்துப் பார்த்தார். மகன் தோற்கிறான் என்பதில் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் குளிர்ச்சி குளிர்ச்சிதான். பிறகு குனிந்து, கீழ்த்தட்டில் பின்வரிசையிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்றை உருவினார். மயில்கழுத்துக் கரை. ஒரே ஒரு மடிப்பைத்தான் பிரித்தார்.

புவனா போனைக் கீழே வைத்தாள். "இதும்மா."

"பாய் கண்ணுன்னா கண்ணுதானுங்க!" என்றாள் நாச்சியம்மாள்.

நாசர் புடவையை மடித்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினார். அவள் எழுந்தாள். தலை குனிந்து, முந்தானையை அகல விரித்து, ரியாஸின் பக்கம் திரும்பி நின்றாள்.

ரியாஸ் தயங்கினான். பிறகு, அத்தாவிடம் கைகளை நீட்டினான்.

புவனா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாள். "பாய், கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? அண்ணன் மறையறாரு."

நாசர் அரை அடி நகர்ந்தார். புடவையை மகன் கையில் வைத்தார். ரியாஸ் விரல்களை மூடினான், மெல்ல இழுத்தான். அது வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். நாசர் அவனைப் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கட்டைவிரலும் சரிகையின்மேல் அழுந்தியிருந்தன. நாலு கைக்கும் நடுவே பட்டு விறைத்து நிற்க, எதிரே நாச்சியம்மாள் விரித்த முந்தானை விரித்தபடி காத்திருந்தது.