மச்சான் பிடித்த கயிறு

ரோச் பர்னாந்து வீட்டு உத்தரத்தில் தொங்கும் கயிறு, ரெக்சன் செத்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டியது கடல் தண்ணீர். அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள், விடிந்தால் நிறைந்திருக்கும். ரோச்சின் தங்கை மரியசெல்வி அந்தத் தண்ணீரில்தான் கருவாட்டுக்கு மீன் ஊறப்போட்டாள், தனியாக உப்பு வாங்குவதில்லை. தெருக்காரர்கள் முதல் கோடையில் வந்து பார்த்தார்கள், ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அது சங்கு குளிக்கிற கயிறு, கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்களுடையது. ஒரு முனை குளிக்கிறவன் இடுப்பில், மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். அந்த மறுமுனையைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம் மட்டுமே கொடுப்பார்கள். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அந்தக் கடற்கரையின் நம்பிக்கை. மரியசெல்வியின் புருஷன் ரெக்சன் குளித்தான், ரோச் பிடித்தார். துறைமுகத்துக்கு விரைந்த ஓர் இழுவைக் கப்பல் தடம் மாறி வந்து, ரெக்சனுக்குக் காற்று கொண்டுபோகும் டியூபை அறுத்துவிட்டு நிற்காமல் போனது. ரோச் இழுத்தார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது, பிடி போகவில்லை. ரெக்சன் மேலே வந்தபோது மூச்சு இல்லை. விசாரித்தவர்கள் கப்பலைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. கயிறு பிடித்தவர் குடித்திருந்தார் என்று எழுதினார்கள். கிறிஸ்துமஸ் ஒயினைக்கூட வாயில் வைக்காத குடும்பம் அது.

வருடங்கள் போயின. ரெக்சனின் மகள் ஜெர்லின் கல்யாண வயதுக்கு வந்தாள். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் குடியின் கேட்டைப் பற்றிப் படம் எடுக்க வந்தார். ரோச் வீட்டில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டார், தழும்பேறிய உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார், நடந்ததை நடந்தபடி கேட்டு இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் வந்தது. கயிறு சொட்டுவதை மட்டும் உள்ளபடி எடுத்திருந்தார், பார்க்க அழகாக இருந்ததனால். மற்றபடி படத்தில் மச்சான்காரன் போதையில் தூங்குகிறான், கயிறு அவன் கையிலிருந்து வழுவிக் கடலுக்குள் போகிறது, இடைவேளை. சமுதாயத்துக்குத் தேவையான படம் என்றார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பாராட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

மறுவாரம் ஜெர்லினுக்குப் பேசியிருந்த ஜெனிஸின் தகப்பன் கிருபை வந்தார். ஜெனிஸும் சங்கு குளிக்கிறவன். நாளைக்கு அவன் கயிற்றைப் பிடிக்க வேண்டியவன் ஜெர்லினின் தம்பி.

“படந்தான் அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா? ஆனா வீட்டுல பொம்பளைங்க அழுதாளுவ. கயிறு விட்ட வீட்டுப் பயல நம்பி எம் மவன எப்படி எறக்குவேன்?” என்றார் கிருபை.

மரியசெல்வி அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். “புருசன் செத்தது எனக்கு. நான் அழுவல, ஒம் பொண்டாட்டி சினிமாக் கொட்டாயில அழுதாளாக்கும்?”

தன் குடும்பத்தில் கயிறு விட்டவன் ஒருவனும் இல்லை என்பதை ரோச் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலை வரும் என்று நினைத்ததுமில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கயிற்றை உத்தரத்திலிருந்து இறக்கி வாளிக்குள் சுருட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு மத்தியானக் காட்சிக்குப் போனார்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பொன்னுதுரை மறித்தான். “அண்ணாச்சி, வாளியெல்லாம் உள்ள விட மாட்டாவ.”

“கயித்த விட்டவன்னு என்னையப் படமா உள்ள ஓட்டுதிய. கயிறு உள்ள வரக் கூடாதோ?”

பொன்னுதுரை வழிவிட்டான். ரோச் முதல் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். திரையில் மச்சான்காரன் தூங்கினான், கயிறு வழுவ ஆரம்பித்தது. ரோச் எழுந்து தன் கயிற்றின் முனையைத் திரைக்குள் வீசினார். அது தண்ணீரில் விழுகிற சத்தத்தோடு உள்ளே போய் இறுகியது. காலை ஊன்றி இழுத்தார். திரையில் மேலே வந்தது நடிகன் இல்லை, ரெக்சன். அறுந்த டியூப் அவன் கழுத்தில் கிடந்தது. பின்னால் அந்த இழுவைக் கப்பல், அதன் பெயரும் எண்ணும் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி, திரையை அடைத்துக்கொண்டு போனது. முன்வரிசைக்காரர்கள் நனைந்தார்கள்.

அதற்குமேல் படம் ஓடவில்லை. எந்த ஊரிலும் ஓடவில்லை; எல்லாத் திரையிலும் ரெக்சன் தண்ணீருக்குமேல் தலையை வைத்துக்கொண்டு நின்றான். இயக்குநர் காரில் பறந்து வந்து முதல் வரிசையில் மண்டியிட்டார்.

“ஐயா, கயிற்றைக் கொஞ்சம் விட்டுடுங்க. பின்பாதி அப்படியே நிக்குது. எத்தனை பேர் திருந்த வேண்டிய படம்!”

“நான் விட்டதாத்தான் நீ எடுத்து ஊரெல்லாம் காட்டிட்டியே. இன்னும் எதுக்கு என்னைய விடச் சொல்லுத?”

கப்பல்காரர்களின் வக்கீலும் வந்தார். இரண்டு காட்சி நேரம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

கிருபை பெண்டாட்டியோடும் மகனோடும் வந்து தலைகுனிந்து நின்றார். ரோச் பிடியை விட்டு எழுந்திருக்க முடியாததால் நிச்சயத்தை முதல் வரிசையிலேயே வைத்துக்கொண்டார்கள். ரெக்சன் திரையிலிருந்து பார்த்தான். தட்டு மாற்றும்போது கயிற்றை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. கிருபை கை நீட்டினார். ரோச் அவரைத் தாண்டி, ஜெர்லினின் தம்பியைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். கயிறு இம்மிகூட இறங்கவில்லை. ஜெனிஸின் தாய் அதைக் கண்ணால் பார்த்தாள்.

அந்தத் தியேட்டரில் இப்போது வேறு படம் ஓடுகிறது. ரோச் கயிற்றைப் பிடித்தபடி முதல் வரிசையில்தான் இருக்கிறார், மரியசெல்வி சோறு கொண்டு வருகிறாள், உத்தரத்தின் கீழ் தரை காய்ந்துவிட்டதால் கடையில் உப்பு வாங்குகிறாள். கயிறு குறுக்கே இருக்கிறது, பார்த்துத் தாண்டிப் போங்கள் என்று பொன்னுதுரை எல்லோரிடமும் சொல்கிறான். சண்டைக் காட்சியில் கதாநாயகனும் அதைத் தாண்டித்தான் போகிறான்.