இரண்டு பள்ளிக்கூடத்து ஸாலிஹா

கிண்ணியாவில் பல்கீஸின் மகள் ஸாலிஹா 1957 தை மாதம் முதல் ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களில் படித்தாள். ஒன்று, அரிசி ஆலை முதலாளி ஸஹாப்தீன் ஆலைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தது. ஓட்டுக் கூரை, புதுக் கதிரைகள், மத்தியானம் தின்னப் பணிஸ். தன்னிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வேறெங்கும் போவதை முதலாளி விரும்பவில்லை. மற்றது, தோணி ஏறிப் போகவேண்டிய திருகோணமலைப் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே விஞ்ஞானம் படிப்பித்தார்கள்.

பல்கீஸின் புருஷன் சரீப் அந்த ஆலையில் நெல் அவிப்பவர். "பட்டணத்துக்கு அனுப்பிட்டு எந்த முகத்தோட நான் ஆலைக்குப் போற?" என்றார். "என்ட புள்ள டொக்டராகணும்" என்றாள் பல்கீஸ். ஒரு கிழமையாக இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவள் மகளைத் தோணித்துறைக்குக் கூட்டிப்போனாள்; அதே நேரத்தில் சரீப் மகளை ஆலைப் பக்கம் கூட்டிப்போனார். இருவர் கையிலும் பிள்ளை இருந்தது. பின்னேரம் இரண்டு ஸாலிஹாக்களும் வாசற்படியில் ஒருத்தியாகி உள்ளே வந்து சோறு கேட்டார்கள். பல்கீஸ் உலையில் இன்னும் ஒரு சுண்டு அரிசி போட்டாள்.

ஊர் பழகிக்கொண்டது. முதலாளி ஒருநாள் வந்து பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது, திருப்தியாகப் போனார். பட்டணத்தில் புஸ்பராணி ரீச்சர், "என்ர வகுப்பில அவ முழுசாத்தான் இருக்கிறா" என்றார்.

அறுபத்தொன்றில் ஆலைப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இனி முதலாளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸாலிஹாவோ மெலிந்துபோயிருந்தாள், ஒருத்தியாவதற்கு அவளுக்கு வர வர நேரமெடுத்தது. பல்கீஸ் ஆலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "இனி இங்க வராத மகள்" என்றாள்.

"இந்தச் சின்னப் புள்ளைகளுக்கு நான்தான் வாசிக்கப் பழக்கிறன் உம்மா. அவளை நிப்பாட்டுங்களன்."

மறுநாள் தோணித்துறையில் மற்றவளிடம் கேட்டாள். "நேற்று தவளையின்ட இருதயம் துடிக்கிறதைக் கண்டனான் உம்மா. என்னை நிப்பாட்டாதீங்க" என்று அவள் அழுதாள்.

பல்கீஸ் அன்று பின்னேரம் வாசலில் ஒருத்தியாக முடியாமல் திணறி நின்ற இருவரையும் கையைப் பிடித்து, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக உள்ளே கூட்டிவந்து இரண்டு பாய் விரித்தாள். அதன்பிறகு அவர்கள் ஒருத்தியாகவேயில்லை. ஒருத்தி ஆலைப் பள்ளிக்கூடத்திலேயே ரீச்சராகி றஊப் என்பவரைக் கலியாணம் முடித்தாள். மற்றவள் கொழும்பில் படித்து டொக்டரானாள். தனக்கு ஒரே மகள் என்றுதான் சரீப் கடைசிவரை சொன்னார். பெருநாளைக்கு மட்டும் இரண்டு சேலை வாங்கினார்.

எழுபத்தொன்பதில் பல்கீஸ் காய்ச்சலில் விழுந்தபோது இரண்டு பேரும் வந்து கிடந்து பார்த்தார்கள். காய்ச்சல் விட்ட காலையில் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா எட்டிப் பார்த்து, "மச்சி, இவங்களில நீங்க பெத்த புள்ள எது?" என்று கேட்டாள்.

"மெல்லக் கதைங்க" என்றாள் பல்கீஸ். "இப்பதான் ரெண்டு பேரும் கண்ணயர்ந்தாங்க."