கலாபத்தாவின் ஒருநாள் மக்கள்தொகை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் கிடைத்தது. எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் செவெரோ கூட்டத்தில் எழுந்து, கலாபத்தாவில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாளன்று இங்கே வந்து தலையைக் காட்ட வேண்டும், வராதவன் நிலத்தைச் சங்கம் எடுத்துக்கொள்ளும் என்றான். தலை எண்ணிக்கை கூடினால்தானே அரசு பணம் கூடும். நான் சிரித்தேன். வெளியே போகச் சொன்னான். போய் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பொலிவியாவின் மேட்டுநிலக் கிராமங்களில் மக்கள்தொகை கணிசமாக" (அடித்துவிட்டேன். ரேடியோக்காரன் தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கிறது.)

இரண்டாவது: "பனி கொட்டிய அந்த மார்ச் காலையில்" (பொய். மார்ச்சில் இங்கே சேறுதான்.)

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: பசிலியா கொல்கேவுக்கு எழுபத்தொரு வயது. ஆறு பெற்றாள். மூன்று மண்ணுக்குள். இரண்டு அர்ஜென்டினாவில் தையல் மெஷினுக்கு முன்னால். கடைசிப் பையன் லிம்பெர்ட் எல் ஆல்ட்டோ நகரத்தில். அவள் உருளைக்கிழங்கு போடும் வயல் அவன் பேரில் இருக்கிறது.

3

லிம்பெர்ட் போனில் சொன்னதைக் கேட்டால் யார் பக்கம் பேசுவது என்று தெரியாது. அவன் தெருச் சங்கமும் அதே நாளில் தலை கேட்கிறதாம். தராவிட்டால் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிடுவார்களாம். ஒரே உடம்பு, இரண்டு ஊர்.

"கொழாய்ல தண்ணி வரலேன்னா கடையில வாங்கிக்கலாம்டா. வயலை எந்தக் கடையில வாங்குவே?"

"உனக்கப்புறம் அங்க யாரும்மா வெதைக்கப் போறா?"

பசிலியா போனை வைத்துவிட்டாள்.

(பக்கக் குறிப்பு: கலாபத்தாவில் குடியிருப்பவர்கள் அறுபத்திரண்டு. கணக்கெடுப்புக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் நானூறு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வீடு எது என்று தெரியவில்லை. என் வீட்டைத் தன் வீடு என்று ஒருவன் பூட்டை உடைத்தான். நாட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசு கேட்கிறது; எவனும் தன் இடத்தில் இல்லாத ஒரே நாளாகப் பார்த்துக் கேட்கிறது.)

4

கடைசி பஸ்ஸிலிருந்து லிம்பெர்ட் இற

பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டேன். செவெரோ ஆளைக் கூட்டுகிறான் என்று திட்டிவிட்டு, நான் பேனாவால் ஒருவனைக் கூட்டுவதா? நிஜத்தில் எனக்குத் தெரிந்த லிம்பெர்ட்டுகள் ஐந்து பேர். ஐவரும் வரவில்லை.

கதைக்குள்ளிருந்து பசிலியா விடவில்லை. "செவெரோ முந்நூறு பேரை இழுத்துட்டு வந்தான். உனக்கு ஒருத்தனை எழுத கை வலிக்குதா, கெழவா?"

அடுத்த பகுதிக்கு எண் போட்டுவிட்டேன்.

5

கணக்கெடுப்பு நாள். யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது; நாய்களுக்குத்தான் கொண்டாட்டம். நகரத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி படிவத்தோடு பசிலியா வீட்டுக்கு வந்தாள். அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செவெரோ கூடவே வந்து வாசலில் நின்றான். அவனுக்கு முகம் வேண்டாம், படிவத்தில் பேர் இருந்தால் போதும்.

நேற்று ராத்திரி இந்த வீட்டில் எத்தனை பேர் தூங்கினீர்கள் என்று பெண் கேட்டாள்.

"ரெண்டு பேரு. நானும் என் மவன் லிம்பெர்ட்டும். இன்னும் எந்திரிக்கல, சோம்பேறி."

"அவரையும் பாக்கணும்மா."

பசிலியா அசையவில்லை. பெண்ணே போய் மூலையில் கிடந்த கம்பளியை விலக்கினாள்.

அங்கே நான் யாரையும் எழுதவில்லை. சத்தியம். ஆனால் இந்த வரி வரைக்கும் படித்துக்கொண்டு கூடவே வந்தவர் நீங்கள் ஒருவர்தான். இப்போது அந்தக் கம்பளியிலிருந்து எழுந்து ஓடவும் முடியாது. வெளியே போகத் தடை சாயங்காலம் வரைக்கும்.

பெண் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு குனிகிறாள். "உங்க பேர் என்னங்க?"

செவெரோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். பசிலியா உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கொதிக்காத சூப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

என்னைப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறாள்.