கோடு மேலே இருக்கட்டும்

1

கதை எங்கிருந்து வந்தது என்பதை எழுதுகிறவர்கள் கடைசிவரை மறைத்து வைப்பார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நேற்று மதியம் கோமார், எடை பார்க்கும் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடையில் மூன்று பீர் பாட்டில்களைப் படுக்கவைத்து, என் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஹில்டெ காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது கோமார் அட்லாண்டிக்குக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறார். பெட்டி அவர் காலுக்குக் கீழே எங்கோ சரக்கறையில் இருக்கிறது. அவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்க மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடுவேன், எனக்குக் கை வேகம்.

2

முதல் தொடக்கம்: "பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே, மூடுபனி வயல்களின் மேல் மெல்ல..."

வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: "ஒரு பீப்பாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதனால் அண்ணன் தம்பி இருவரும் பத்தொன்பது வருடம் பேசிக்கொள்ளவில்லை."

இது இருக்கட்டும். பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பீர் காற்றிலிருக்கும் நுண்ணுயிரால் தானாகப் புளிப்பது. சில பீப்பாய்களில் அது நடுவில் கொழகொழத்து, எண்ணெய் மாதிரி நூல் விடும். நோய் வந்துவிட்டது என்பார்கள். பொறுமையாக விட்டால் தானாகவே தெளியும். எத்தனை நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்பா விட்டுப்போன பீப்பாய்களை அண்ணன் கோமாரும் தம்பி யோஸ்டும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு பீப்பாய் நோயில் விழுந்தது. கொட்டிவிடலாம் என்றார் கோமார். காத்திருப்போம் என்றான் யோஸ்ட். யோஸ்ட் பல் பிடுங்கப் போன ஒரு காலையில் கோமார் அடைப்பைத் தட்டி, அத்தனையையும் சாக்கடையில் விட்டார். வாய் வீங்கித் திரும்பி வந்த யோஸ்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் கனடா போய்விட்டான்.

போன மாதம் நிலவறையில் பழைய பாட்டில் அடுக்கைப் பிரித்தபோது பின்னால் நான்கு பாட்டில்கள் கிடைத்தன. அந்தப் பீப்பாயிலிருந்து யோஸ்ட் முன்பே எடுத்து வைத்தவை.* கோமார் ஒன்றைத் திறந்து குடித்தார்; நூல் விடாமல் நன்றாகத் தெளிந்திருந்தது. பிறகு நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஹில்டெ கூப்பிட்டும் எழுந்து வரவில்லையாம்.

(* எப்படித் தெரியும் என்றால்: இங்கே பாட்டிலைப் படுக்கப்போட்டதும் மேல்பக்கம் சுண்ணாம்பால் கோடு இழுப்பார்கள். எங்கே தூக்கிப்போனாலும் கோடு மேலே இருக்கவேண்டும், அப்போதுதான் வண்டல் கலங்காது. யோஸ்டின் கோடு எப்போதும் இடப்பக்கம் சாயும்.)

3

கோமார் ஏன் என்னிடம் வந்தார்? பதினைந்து வருடமாகக் காரைக்குடியிலிருந்து மாவடு ஜாடியை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவருகிறவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

"மேகலா, எத்தனை சுத்து சுத்துற?"

"பேசாம இருங்க கோமார். முதல்ல மூடி மேல டேப்பு. அப்புறம் குழந்தை டயப்பர், கசிஞ்சா அது குடிச்சுக்கும். அப்புறம் முடிச்சுப் போட்ட பை. அதுக்கு மேல கம்பளி சாக்ஸ். பாட்டிலும் பாட்டிலும் தொடக்கூடாது. பெட்டியோட ஓரத்தையும் தொடக்கூடாது."

"அதெல்லாம் சரி. கோடு மேல இருக்கணும்."

"பெல்ட்டுல உருளப்போற பெட்டில மேல ஏது, கீழ ஏது?"

கோமார் வீட்டுக்குப் போய், சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டுவந்து, மூடிய பெட்டியின் மேல் நெடுக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

"ஆமா, ஏர்போர்ட்டுல இந்தக் கோட்டப் பாத்து தொட்டில்ல போட்டுத் தாலாட்டுவாங்க," என்றாள் ஹில்டெ. "நாப்பது வருஷமா இந்த ஆளோட குடித்தனம் பண்றேன் மேகலா, எனக்குச் சிலை வைக்கணும்."

பெட்டி இருபத்திரண்டரைக் கிலோ இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"உடைஞ்சிட்டா அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

கோமார் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உடையக்கூடாது. அதுக்குத்தான உங்கிட்ட வந்தேன். பாட்டில் போய்ச் சேந்துட்டா நான் எதுவும் சொல்லவேண்டாம். அவனே குடிச்சுப் பாத்துப்பான்."

"சொல்றதுன்னா என்ன சொல்வீங்க?"

"இன்னொரு டயப்பர் வை," என்றார்.

4

இங்கே ஒரு சந்தேகம். யோஸ்டை நான் பார்த்ததே இல்லை. முதல் வரைவில் அவனைக் கடற்கரையில் தனியாக, நாயோடு, சோகமாக... அடித்துவிட்டேன். ஹில்டெயிடம் கேட்டால், "பள்ளிக்கூட பஸ் ஓட்றான், குண்டாயிட்டான், யார் என்ன சொன்னாலும் சிரிப்பான்" என்கிறாள். விமான நிலையத்துக்கு வருவதாக ஒரே வரியில் எழுதியிருக்கிறானாம். சிரிக்கிற ஆளை வைத்துப் பிரிவுக் கதை எழுதுவது கஷ்டம். ஆனாலும் உண்மையான யோஸ்ட் அவன்தான், அவனையே வைத்துக்கொள்கிறேன்.

5

முடிவுகள், கைவசம் இரண்டு.

அ) பாட்டில்கள் பத்திரம். யோஸ்ட் தன் சாய்ந்த கோட்டைப் பார்க்கிறான், ஊற்றுகிறான், குடிக்கிறான். கோமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எல்லாம் புரிந்துவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இப்படியே இன்னொரு பத்தொன்பது வருடம் போகும்.

ஆ) மூன்றும் நொறுங்கிவிட்டன. பெட்டியைத் திறந்தால் ஈர டயப்பரும் கண்ணாடியும், பழைய நிலவறையின் புளிப்பு வாசமும். இப்போது கோமார் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

கதைக்கு (ஆ)தான் நல்லது. ஒரு வாக்கியம் போதும், உடைத்துவிடலாம். ஆனால் அந்தப் பெட்டியை அடுக்கியவளும் நான்தான். என் கையால் சுற்றிய பாட்டிலை என் கையாலேயே உடைக்க மனம் வரவில்லை. மாவடு ஜாடிகளின் மேல் ஆணை, அது உடையவும் உடையாது.

ஆகவே, (அ)வை எடுத்துக்கொண்டு, அதில் எப்படியாவது கோமாரை...

6

கைபேசி அதிர்ந்தது. கோமார் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: சுற்றி வரும் பெல்ட்டில் எங்கள் பெட்டி தலைகீழாகக் கிடக்கிறது. கீழ்விளிம்பில் கொஞ்சம் சுண்ணாம்பு தெரிகிறது.

"கோடு கீழ போயிடுச்சு," என்று எழுதியிருக்கிறார். "ஆட்டிப் பாக்க பயமா இருக்கு. வெளிய வந்துட்டேன். யோஸ்ட் எதிர்ல நிக்கிறான், சிரிக்கிறான். நான் என்ன பண்ண?"

நான்கு வரி அடித்து அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"பெட்டியத் தொறக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

அவர் படித்துவிட்டதாகக் காட்டுகிறது. ஐந்து நிமிடமாகிறது, பத்தாகிறது. ஹில்டெ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கிறாள்.

பாட்டில்கள் உடைந்தனவா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி எழுதினாலும் எனக்குச் சம்மதம். இனி இந்தக் கதைக்கு அவை தேவையில்லை.