சாட்சி சொன்ன கடைசிப் பெயர்

பொற்கொடி எழுதிய லைப்ரரிக்குப் பெயர் ‘சாட்சி’. லைப்ரரி என்றதும் அலமாரியும் தூசியும் நினைவுக்கு வரவேண்டாம். மற்ற நிரல்காரர்கள் தங்கள் வேலைக்கு நடுவே அப்படியே எடுத்துச் செருகிக்கொள்ள வசதியாக ஒருத்தர் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் எந்தக் கோப்பை யார் எத்தனை மணிக்குத் திறந்தார், எதை அழித்தார் என்பதையெல்லாம் இயங்குதளம் தன் பாட்டுக்கு எண் எண்ணாகக் குறித்துவைக்கும். அதை வாசித்து, எண் இருக்கும் இடத்தில் மனிதர் பெயரைப் போட்டு, திங்கள்கிழமைதோறும் முதலாளிக்கு அறிக்கை அனுப்புவது சாட்சியின் வேலை. வேலை நேரத்தில் நடந்தது கறுப்பில் வரும். விடுமுறையில் நடந்தது சிவப்பில் வரும்.

புதுக்கோட்டையில் ஒரு டைல்ஸ் கடை மாடியில், ஜஸ்டின் நடத்தும் நாலு நாற்காலிக் கம்பெனியில் உட்கார்ந்து எட்டு மாதம் அதை எழுதினாள். இப்போது பதினாலு இடங்களில் ஓடுகிறது. கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இல்லாவிட்டால், இலுப்பூர் மலையாண்டியின் பயிற்சி மையத்தில் அதை நிறுவிக் கொடுத்த அன்று, “மனுஷன் பொய் சொல்வான் சார், சாட்சி சொல்லாது” என்று வசனம் பேசியிருப்பாளா?

அந்த வசனம் செவ்வாய்க்கிழமை காலை போனில் திரும்பி வந்தது.

“ஏம்மா, ஒங்க சாட்சி ஆளைப் பிடிச்சுக் குடுத்துருச்சு! நேர்ல வந்து, இது சரிதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார் மலையாண்டி. குரலில் அப்படி ஒரு குஷி.

மலையாண்டி ஓய்வுபெற்ற ஏட்டு. போலீஸ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். முப்பது வருடம் விசாரித்த வாய் சும்மா இருக்குமா? பேனா காணாமல் போனால்கூட மூன்று பேரை வரிசையில் நிறுத்திவிடுவார். இன்றைக்கு நின்றுகொண்டிருந்தது ஒரே ஆள், தட்டச்சு வேலைக்கு வந்து ஆறு வாரமே ஆன கார்த்திகா. காலை ஒன்பது மணியிலிருந்து நின்றிருக்கிறாள். பொற்கொடி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. அழுது முடித்து, மூக்கு சிவந்து, அடுத்த அழுகைக்குக் காத்திருந்தாள் கார்த்திகா.

குற்றம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மையத்தில் பெரிய மாதிரித் தேர்வு. அதன் கேள்வித்தாள் கோப்பு, மையத்துக்கு விடுமுறையான ஆயுதபூஜை அன்று 11:42க்குத் திறக்கப்பட்டிருக்கிறது. அறிக்கையில் சிவப்பு எழுத்தில், ‘திறந்தவர்: கார்த்திகா’.

“இவ கொழுந்தன் சூர்யபிரகாஷ் இங்கதான் படிக்கிறான். கொழுந்தனுக்குக் கேள்வித்தாள் வேணும், அண்ணி எடுத்துக் குடுத்துட்டா. கேஸ் முடிஞ்சது” என்றார் மலையாண்டி.

“ஆயுதபூசை அன்னிக்கு யாராச்சும் கம்ப்யூட்டரைத் தொடுவாங்களாக்கா?” கார்த்திகா பொற்கொடியிடம் திரும்பினாள். “பூசையில வெச்ச பொருளு. படிக்கிற பொஸ்தகத்தையே தொடமாட்டோம். பூசை முடிஞ்சதும் பொரிகடலை வாங்கிக்கிட்டு நேரா பஸ் ஏறிட்டேங்க்கா. திருட்டுப் பட்டத்தோட நான் வீட்டுக்குப் போனா, எங்க மாமியா என்னைய என்னன்னு கேக்கும்?”

பூஜை நாளில் தொடமாட்டோம் என்பதெல்லாம் ஒரு ஆதாரமா என்று பொற்கொடிக்குள் இருந்த படித்த பெண் நினைத்தாள். கூடவே, அன்றைக்குத் தன்னுடைய லேப்டாப்பும் பொட்டு வைத்துக்கொண்டு பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. ஜஸ்டினே அன்றைக்கு ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. தேவாலயத்துக்குப் போகிற மனுஷன்.

“கையெழுத்துக்கு முந்தி மூலப் பதிவை ஒரு தடவை பார்த்துடுறேன் சார்.”

“பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க.”

சாட்சி பெயராக மாற்றுவதற்கு முந்தைய வெறும் எண்களைத் திறந்தாள். 11:41க்கு மெஷின் விழித்திருக்கிறது. 11:42க்குக் கேள்வித்தாள் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தது, மெஷின் விழித்தவுடன் கேள்வித்தாள்களை நகல் எடுத்துவைக்கும் நிரல். தினமும் காலையில் நடக்கிற சமாச்சாரம்தான். திறந்த ஆளின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 4294967295 என்று இருந்தது.

இந்த எண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். யாரும் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையாமல் மெஷின் தானாகச் செய்த வேலைக்கு இயங்குதளம் போடும் அடையாளம். இத்தனை இலக்கம் இருந்தாலும் அதற்கு மைனஸ் ஒன்று என்று அர்த்தம். மைனஸ் ஒன்று என்றால், ஆளே இல்லை.

தன் நிரலைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. ஆள் எண்ணை வைத்துப் பணியாளர் பட்டியலில் பெயர் தேடுகிற இடம். அவள் எழுதிய மொழியில் ஒரு பட்டியலிடம் போய் மைனஸ் ஒன்றாவது பெயரைக் கொடு என்று கேட்டால், அது தப்பு என்று சொல்லாது. பட்டியலில் கடைசியாக இருப்பவரை எடுத்துக் கொடுத்துவிடும். ‘ஆளே இல்லை’ என்றால் பெயர் போடாதே என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பட்டியலில் கடைசிப் பெயர் கார்த்திகா. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள்.

தினமும் காலையில் இதே தப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. வேலை நாளில் தட்டச்சுக்காரி கேள்வித்தாளைத் திறந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? கறுப்பு வரியோடு கறுப்பு வரியாகப் போய்விட்டது.

வெளியே வந்து ஜஸ்டினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“ஐயையோ” என்றான் ஜஸ்டின். பிறகு குரலைத் தணித்தான். “பொற்கொடி, சிஸ்டம் எரர்னு சொல்லுங்க. கரண்ட் பிரச்சனைன்னு சொல்லுங்க. நம்ம லைப்ரரின்னு மட்டும் வாயைத் தொறக்காதீங்க. பதினாலு இடம் இருக்கு. ராத்திரிக்குள்ள சத்தமில்லாம சரிபண்ணிடலாம்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சிஸ்டம் எரர் என்றால் மலையாண்டி தலையாட்டிவிடுவார். ஆனால் அப்புறமும் அந்தப் பெண்ணை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். பொற்கொடிக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிட வெட்கமாக இருந்தது. உள்ளே போனாள்.

“சார், கையெழுத்துப் போட முடியாது. கார்த்திகா எதையும் தொறக்கலை. அந்நேரம் மெஷினுக்குள்ள யாருமே நுழையலை. ஆள் இல்லாத எடத்துல என்னோட சாட்சி இவங்க பேரைப் போட்டுருச்சு. தப்பு நான் எழுதின வரியில.”

மலையாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பொய் சொல்லாதுன்னீங்களே?”

“சொல்லாதுதான் சார். நான் சொல்ல வெச்சிருக்கேன்.”

ஏட்டு அவ்வளவு லேசில் கேஸை விடுகிற ஆளா? “சரி, உள்ள யாரும் நுழையலை. மெஷினை எவன் போட்டான்? பட்டனை அமுக்காம அது தானா எந்திரிக்குமா? அமுக்கின கை எதுன்னு சொல்லுங்க. அந்தக் கைதான் திருட்டுக் கை.”

நியாயமான கேள்வி.

“வியாழக்கிழமை காலையில நான் வந்தப்பவே அது ஓடிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு, இன்னி வரைக்கும் அணைக்கலை. நீங்கதான் போட்டிருப்பீங்கன்னு நெனைச்சேன் சார்” என்றாள் கார்த்திகா மெல்ல.

“நானா? பூசை முடிஞ்சு நான்தான் கடைசியாப் பூட்டினேன். மெஷின் பக்கமே போகலையே!”

மேசைக்குக் கீழே மெஷின் பெட்டி இருந்தது. பொற்கொடி குனிந்து பார்த்தாள். பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியும் அலங்காரம் கலையவில்லை. மேலே காய்ந்த சாமந்திச் சரம், முகப்பில் மூன்று பட்டைத் திருநீறு. அதற்கு நடுவே, மெஷினைப் போடும் பட்டன் மீது, எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பட்டன் இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு அப்பியிருந்தது.

“இது யார் வெச்ச பொட்டு சார்?”

“நான்தான். தீபாராதனைக்கு முந்தி எல்லாத்துக்கும் முதலாளி கையாலதானே வைக்கணும்? பீரோ, பிரிண்டர், மெஷின் எல்லாத்துக்கும் என் கைதான்.”

“எப்படி வெச்சீங்க?”

“இதென்ன கேள்வி? இப்படித்தான்!” என்று மலையாண்டி வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். பக்தியோடும், முப்பது வருட உத்தியோக பலத்தோடும், கட்டைவிரலை அந்தப் பொட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

ஒரு சின்ன சத்தம். மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த திரை கறுத்தது. மின்விசிறி முனகி அடங்கியது. மெஷின் படுத்துவிட்டது.

மூன்று பேரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்கள். கார்த்திகாதான் முதலில் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மலையாண்டி விரலைத் துண்டில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“அன்னிக்குத் திரையை அணைச்சு மேல துண்டைப் போர்த்தியிருந்தோம். அதான் தெரியலை” என்றார். அப்புறம், அவருக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில், “ஒக்காரும்மா கார்த்திகா. காலையிலேருந்து நிக்கிறே” என்றார்.

அவர் டீ சொல்லி அனுப்பினார். பொற்கொடி மெஷினை எழுப்பி இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் திருத்தினாள். எண் மைனஸ் ஒன்று என்றால் இனி ‘யாருமில்லை’ என்று வரும். பதினாலு இடத்துக்கும் உண்மையைச் சொல்லி எழுதப்போவதாக ஜஸ்டினுக்கு ஒரு செய்தியும் போட்டாள். அவன் தலையில் கைவைத்த படத்தைப் பதிலாக அனுப்பினான். கொஞ்ச நேரம் கழித்து, ‘சரி, எழுதுங்க’ என்று அனுப்பினான்.

டீ வந்தது. கார்த்திகா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

“அப்ப மோகனப்ரியாக்கா?” என்றாள்.

“அது யாரு?” என்றாள் பொற்கொடி.

கார்த்திகாதான் சொன்னாள். அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவள் மோகனப்ரியா. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளைத் திறந்தாள் என்று சிவப்பில் வந்தது. அறிக்கை வந்த அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பொற்கொடி ஜூலைப் பதிவை எடுத்துத் திருத்திய சாட்சியில் ஓட்டினாள். திறந்தவர்: யாருமில்லை.

“அந்த ஞாயித்துக்கெழமை…” மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “இன்வெர்ட்டருக்கு பாட்டரி மாத்த ஆளு வந்திருந்தாரு. நான்தான் கதவைத் தொறந்து விட்டேன். சரியா ஓடுதான்னு பார்க்க மெஷினைப் போட்டுப் பார்த்திருப்பாரு. எனக்கு அப்பத் தோணலை.”

போனை எடுத்தார், எண்ணைத் தேடினார், அழைப்பைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கிட்டு யாரோ புடவை விலை கேட்கும் சத்தம். கறம்பக்குடியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்றாள் கார்த்திகா.

“சொல்லுங்க சார்” என்றது குரல், மரியாதையாக, தூரமாக.

மலையாண்டி போனை மேசை நடுவே தள்ளினார். பொற்கொடி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மோகனப்ரியாங்களா? நான் பொற்கொடி. அன்னிக்கு அந்த அறிக்கையில ஒங்க பேரை எழுதினது சார் இல்லைங்க. நான்தான்.”

கடைச் சத்தம் குறைந்தது; மோகனப்ரியா ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. எம்பேரு ஒங்களுக்கு எப்படிங்க கெடைச்சுச்சு?”

பொற்கொடி உண்மையைச் சொன்னாள்.

“கடைசியா இருந்துச்சுங்க.”