செங்கோடனின் சீமைப் புல்

காட்டு முகப்பில் நட்ட பலகையில் தன் பெயர் ஏறிய நாளிலிருந்து செங்கோடன் வெளிக்குப் போவதற்குக்கூடக் காட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனான். ‘மேம்படுத்தப்பட்ட மேய்ச்சல் நிலம். முன்னோடி விவசாயி: செங்கோடன்.’ போகும்போது ஒருமுறை படிப்பான், வரும்போது ஒருமுறை. அவன் மனைவி ராஜம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். கல்யாணமான புதிதில் அந்த மௌனத்தை அடக்கம் என்று நினைத்து அவன் பெருமைப்பட்டதுண்டு.

மோகனூர் பக்கத்துச் சரளை மண்ணில் கிடந்த அந்தக் கொறங்காடு, மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம், அவன் பாட்டனுக்கும் முந்தியது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்த வருஷத்திலும் மாட்டின் வாய்க்கு ஏதாவது கொடுக்கும். விதை முற்றி உதிரும்வரை படலைத் திறப்பதில்லை. உதிர்ந்த பிறகு மூடி வைப்பதும் இல்லை. சண்டை சச்சரவுக்குக் குறைவில்லாத அந்த வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டில் அரசாங்கத் திட்டம் வந்தது. நாட்டுப் புல்லை உழுது அழித்துவிட்டுச் சீமைப் புல் விதைக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் யாரும் முன்வரவில்லை. செங்கோடன் எழுந்து நின்றான். கோடையில் உழுதான். பெயர்ந்த தூர்களைக் குவித்துத் தீ வைத்தான்.

“என்ன மாப்ளே, பாட்டன் சொத்துக்குக் கொள்ளி வெச்சாச்சா?” என்று பக்கத்துக் காட்டு ராசப்பன் கேட்டான்.

“இது விஞ்ஞானம். உனக்கு வெளங்காது, போ.”

பிறகு விதைச் சாக்கு வந்தது. ராஜம்மாள் உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். மெல்லிய மயிர் போர்த்த விதை. உதறியும் போகாமல் சேலையில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக, காட்டிலிருந்து வந்ததும் முந்தானையிலிருந்து பிய்த்துப் போடுகிறாளே, அதே விதை.

“ஏனுங்க, இது நம்ம கொழுக்கட்டப் புல்லுங்க.”

“உம் மூஞ்சி. ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல வந்திருக்குது.”

“கப்பல்ல வந்தா வேற புல்லா ஆயிருமுங்களா?”

“ஆமா, நீ போயிப் பாத்துட்டு வந்தே. சோத்தப் போடு, போ.”

மாடு பார்ப்பது பொம்பளை வேலை என்று இருந்தவன் அவன். பிறந்ததிலிருந்து அந்தப் புல்லைத் தூரத்துப் பச்சையாகத்தான் கண்டிருந்தான். அவனிடம் என்ன பேசுவது?

விதைப்பு வேலையை மேற்பார்வையிட வந்த கிராம சேவக் கந்தவேல் சின்ன வயது, ஓமலூர்க்காரன். இது நம்ம புல்தானே என்று ராஜம்மாள் அவனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

“தெரியுமுங்கக்கா. எங்கூர்ல இது வண்டித்தடத்துலயே மொளைக்குது.”

“அப்பறம் ஏஞ் சொல்லலே?”

“அண்ணனுக்கு எத்தன சந்தோசம், பாருங்க.”

அவன் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தெரியாமல் ஆடுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே தலையாட்டுகிறவனை எதில் சேர்ப்பது?

ஐப்பசி மழைக்குப் புல் எழுந்து நின்றது. செங்கோடன் தானாக ஒரு சட்டம் போட்டான்: சீமைப் புல்லில் நாட்டு மாடு வாய் வைக்கக் கூடாது. ராஜம்மாள் கன்றிலிருந்து வளர்த்த மயிலைப் பசு சினையாக இருந்தது. அதை ரோட்டோரத்தில் கயிற்றில் பிடித்து மேய்த்தாள். விலா எலும்பு தெரிந்தது.

“எலும்பும் தோலுமா இது எதுக்கு? வர்ற சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிர்றேன். சீமை மாடு வாங்கலாம்” என்றான் செங்கோடன்.

அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. எப்போதும் போலத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சந்தைக்கு முதல் நாள் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். செங்கோடன் மாலையோடு ரோட்டில் நின்றான். ராஜம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். கதிர்கள் மொட்டையாக நின்றன. விதை உதிர்ந்துவிட்டது, படல் இன்னும் மூடிக் கிடந்தது. அந்த முறைகேட்டை அதற்குமேல் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படலைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

அதிகாரியையும் ஊரையும் கூட்டி வந்த செங்கோடன் மாட்டைக் கண்டதும் துண்டை வீசிக்கொண்டு ஓடினான். “ஏ, ஓட்டு! வெளிய ஓட்டு!”

“இருங்க, இருங்க! அப்படியே நிக்கட்டும்” என்றார் அதிகாரி. படம் பிடித்தார்கள். “பாத்தீங்களா, நாட்டு மாடே எவ்வளவு ஆசையா மேயுது! புது ரகத்தோட ருசி அப்படி.”

ஓட்டத்தில் இருந்த செங்கோடன் நின்றான். துண்டு தோளுக்குப் போயிற்று. “நாந்தாஞ் சார் உட்டுப் பாக்கச் சொன்னேனுங்க.”

“இந்த மாடு இங்கேயே இருக்கட்டும். அடுத்து வர்றவங்களுக்கும் காட்டணும்.”

“எங்கூட்லயே பொறந்த மாடுங்க. விப்பனுங்களா?”

கூட்டம் கைதட்டியது. கந்தவேலும் தட்டினான். ராசப்பன் மெதுவாக ராஜம்மாளிடம் ஒதுங்கி வந்தான்.

“அம்மிணி, பாட்டன் புல்லு எங்காடு பூராக் கெடக்குது. உழுதுபோட்டு இதையே வெதைக்கலாம்னு இருக்கறேன். நெசமாலுமே நல்லதுதானா?”

கந்தவேல் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராசப்பனின் காடு பிழைத்துவிடும். அந்த வார்த்தை அதிகாரி காதுக்குப் போக நேரமாகாது. அப்புறம் காட்டுவதற்குப் புதுப் புல்லும் இல்லை, மாடும் வேண்டாம், விடிந்தால் பசு சந்தையில்.

பசு தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. ராஜம்மாள் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு விதையைப் பிய்த்துப் போட்டாள்.

“நல்லதுதானுங்கண்ணா” என்றாள். “ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததுங்க.”